காலுக்கு ஒரு சீட்டு, வயிற்றுக்கு ஒரு சீட்டு

ஜவ்வாது மலைக்கு வேலைக்குப் போகிற இளம் டாக்டர்கள் நான்கு பேர் போன மாதம் திருப்பத்தூரில் என்னைப் பார்க்க வந்தார்கள். மாடியில் ஒற்றை அறை, இரண்டே நாற்காலி. மீதிப் பேர் கட்டிலில் உட்கார்ந்தார்கள். "மலையில என்ன மாதிரி கேஸ் வரும் மேடம்?" என்று கேட்டார்கள். பாம்புக்கடி, பிரசவம், ரத்தசோகை என்று ஒரு பட்டியலைச் சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர்கள் படியிறங்கிப் போன பிறகுதான், சொல்லவேண்டியதைச் சொல்லவே இல்லை என்று உறைத்தது. நான் செய்த தப்பைச் சொல்வதற்கு எதிரே ஆள் இல்லாமல் இருப்பது எனக்கு வசதியாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நான் மகப்பேறு டாக்டர். மலைமேல் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷம் இருந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று தேடிக்கொண்டு போகாதீர்கள், தப்பு என்னுடையது, கட்டடத்தினுடையது இல்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. மலைக்குப் போன மூன்றாம் வருஷம் அம்மா இறந்துபோனாள். அதற்குப் பிறகு குவார்ட்டர்ஸில் நானும் ஒரு ரேடியோவும்தான். பகலில் நூறு பேர் என்னைத் தேடி வருவார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒருவரும் வரமாட்டார்கள். இதைப் பெருமையாகச் சொல்கிற டாக்டர்கள் உண்டு. எனக்குப் பெருமையாக இல்லை, கஷ்டமாகத்தான் இருந்தது.

ஜமுனாமரத்தூரில் சந்தை கூடுகிற நாள்தான் எங்களுக்கும் திருவிழா. புளி, சாமை, தேன் என்று விற்க வந்தவர்கள் எல்லாம் விற்ற கையோடு ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். நான்கு மணி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்ற அவசரம் ஒவ்வொருவருக்கும் இருக்கும். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தால் தலைநோவில் ஆரம்பித்து, முதுகுநோவு, பல்நோவு வழியாக மாமியார் நோவு வரைக்கும் வந்துதான் நிறுத்துவார்கள். சாயங்காலம் பார்த்தால் பாதி வரிசை அப்படியே நிற்கும். பார்க்காமலே பஸ்ஸுக்குப் போனவர்கள் உண்டு. ஆகவே ஒரு சட்டம் போட்டேன். சீட்டுக் கொடுக்கும் ஜன்னலுக்கு மேலே நீலப் பெயிண்டில் எழுதச் சொன்னேன்: 'ஒரு சீட்டுக்கு ஒரு வியாதி மட்டும்.'

வரிசை மளமளவென்று நகர்ந்தது. கீழே இருந்து பார்வையிட வந்த அதிகாரிகூட அதைப் படித்துவிட்டு நல்ல யோசனை என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. யாராவது இரண்டாவது நோவை எடுத்தால், "போர்டைப் படிச்சியா?" என்று கேட்பேன். படிக்கத் தெரியாதவர்களிடமும் அதையேதான் கேட்டேன்.

வெள்ளையம்மாவை எனக்குச் சந்தையில்தான் பழக்கம். நாற்பது வயதிருக்கும். சந்தை மூலையில் மடித்த கோணியைப் போட்டு, அதன்மேல் இடது பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து புளி விற்பாள். வலது பக்கம் தரையில் படாது. அது அவள் ஒய்யாரம் என்று நினைத்துக்கொள்வேன். வாரா வாரம் அவளிடம்தான் புளி வாங்குவேன். எனக்கு அவ்வளவு புளி தேவையில்லை. அவளுக்கும் அது தெரியும்.

"ஒத்த ஆளுக்கு இத்தினி புளிய வச்சிக்கினு இன்னா கொழம்புதான் வக்கிறீங்க டாக்டரம்மா?" என்பாள்.

"ஊறுகாய் போடுவேன்" என்று ஏதாவது சொல்லிவிட்டு வருவேன். அந்த வாரத்தில் மருந்தைப் பற்றி இல்லாமல் நான் பேசிய பேச்சு சில சமயம் அது மட்டுமாகத்தான் இருக்கும்.

ஒரு சந்தை நாளில் அவள் சீட்டோடு என் முன்னால் நின்றாள். அடிவயிறு கனக்கிறது, மலம் சரியாகப் போவதில்லை, ஒன்றுக்கு அடிக்கடி போகிறது என்றாள். நானே ஸ்கேன் செய்தேன். இடுப்புக்குள் ஒரு கட்டி, பாதி நீரும் பாதி சதையுமாக. சினைப்பையில் கட்டி என்று எழுதினேன். சந்தேகமே வரவில்லை. நாற்பது வயதுப் பெண்ணுக்கு இடுப்புக்குள் நீர்க்கட்டி என்றால் பத்துக்கு ஒன்பது சினைப்பைதான் என்று எனக்குப் பழகிப்போயிருந்தது. அந்தப் பழக்கத்தில்தான் பேனா ஓடியது. மயக்க டாக்டர் வியாழக்கிழமை தோறும் திருப்பத்தூரிலிருந்து மலையேறி வருவார். அடுத்த வியாழக்கிழமைக்கு நாள் குறித்தேன்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தோம். ஆள் விழித்துத்தான் இருப்பாள். அவள் முகத்துக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு பச்சைத் துணித் திரை. வயிற்றைத் திறந்தேன். கர்ப்பப்பை இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. இரண்டு சினைப்பைகளும் சின்னதாக, பழுதில்லாமல் இருந்தன. நான் எடுக்க வந்த கட்டி அங்கே இல்லை.

கையை உள்ளே விட்டுத் தேடினேன். குடலுக்குப் பின்னால், முதுகெலும்பு முடிகிற இடத்துக்கு முன்னால், சவ்வுக்கு அடியில் தட்டுப்பட்டது. பெரிய மாம்பழ அளவு. வழவழப்பாக, தனக்கென்று ஒரு தோலோடு இருந்தது. என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

மயக்க டாக்டர் எட்டிப் பார்த்தார். நல்ல மனிதர், கெட்டிக்காரர். "தோல் தனியாத் தெரியுதே மேடம். உரிச்சு எடுத்துடலாமே" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கேன்சரா இருந்தா? உள்ளயே விட்டுட்டு மூடினா, இவங்க இன்னொரு வாட்டி எங்க வரப்போறாங்க?" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. மலையிலிருந்து ஒருத்தியை ஆபரேஷன் மேஜைக்குக் கொண்டுவருவதே பெரும்பாடு. ஒரு தடவை அறுத்து ஒன்றும் எடுக்காமல் அனுப்பினால், மறுபடி கீழே எந்த ஆஸ்பத்திரிக்கும் போகச் சம்மதிக்கமாட்டாள். என் விரலோ கட்டியின் ஓரத்தைப் பிடித்துவிட்டது. கொஞ்சம் நெம்பினால் போதும், வந்துவிடும் போலத்தான் இருந்தது. அந்த 'போல' என்பதில்தான் எத்தனையோ பேருடைய கைகால் போயிருக்கிறது. கட்டிக்குப் பின்னால் எலும்பை ஒட்டி ரத்தக்குழாய்கள் உண்டு, கிழிந்தால் நிற்காது. எங்களிடம் ரத்த வங்கி கிடையாது. போன் செய்து யாரையாவது கேட்கலாம் என்றால் தியேட்டருக்குள் சிக்னல் இல்லை. பேச ஆள் இல்லாமல் அந்த மலையில் ஆறு வருஷம் இருந்துவிட்டேன், ஆனால் அன்றைக்குப் போல ஒரு நாளும் தனியாக இருந்ததில்லை.

எனக்குப் பாடம் சொன்ன பேராசிரியர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். திட்டினால் மூன்று வார்டுக்குக் கேட்கும். ஒரு நாள் திறந்த வயிற்றுக்குள் கையை வைத்தபடி அவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு ஒன்றையும் எடுக்காமல் தைத்து மூடினார். கைகழுவும்போது, ஏன் சார் என்று கேட்டோம். ஏதோ பெரிய விளக்கம் வரப்போகிறது என்று காத்திருந்தோம். "பயந்துட்டேன்" என்றார் அவர். சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

அந்த நேரம் பார்த்துத் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெள்ளையம்மாவின் குரல் வந்தது.

"இன்னாங்க, எல்லாரும் கம்முனு ஆயிட்டீங்க? நான் செத்துக்கித்துப் பூட்டனா?"

சிஸ்டர் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்று தெரியாது, வாயில் வந்ததைக் கேட்டேன். "வெள்ளையம்மா, வயித்த விட்டா உனக்கு வேற இன்னா தொந்தரவு?"

"வேறயா? காலு நோவுதுங்க. சோத்தாங்கை பக்கத்துக் காலு."

"எவ்ளோ நாளா?"

"மூணு வருசம் ஆவுது. ஒடுகத்தூர் பக்கம் கல்லக்கா செடி புடுங்க கூலிக்குப் போனோம் இல்ல, அப்ப ஆரம்பிச்சிது. குந்தினா பின்பக்கத்துல இருந்து உள்ளங்காலு வரிக்கும் சுரீர்னு இழுக்கும். எந்திரிச்சி நின்னா உட்டுடும். அதுக்குத்தான் ஒருபக்கமா குந்துறது."

என் விரல் அந்தக் கட்டிமேல்தான் இருந்தது. சந்தையில் அவள் சாய்ந்து உட்கார்ந்திருந்த கோணி கண்முன் வந்தது. மூன்று வருஷமாக வாரா வாரம் நின்று பார்த்திருக்கிறேன்.

"இத்தினி நாளா ஏன் சொல்லல?" என்றேன். கோபமாகத்தான் கேட்டேன், வெட்கமாக இருக்கிறது.

"சொன்னேனே. அதுக்கு வேற சீட்டு போட்டுக்கினு வந்தேன். மாத்தர குடுத்தீங்க. இது வயித்துக்குப் போட்ட சீட்டு. ரெண்டையும் சேத்து சொன்னா நீங்க திட்டுவீங்க இல்ல?"

கையை வெளியே எடுத்தேன். கட்டி காலுக்குப் போகிற நரம்பிலிருந்து வந்திருக்கிறது, அல்லது அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. எதுவாக இருந்தாலும் உரித்து எடுத்தால் நரம்பும் சேர்ந்து வரும். சரிவில் நடக்க முடியாத காலோடு அந்த மலையில் அவள் எப்படிப் பிழைப்பாள்? அவள் நிலம் வீட்டிலிருந்து ஒரு மணி நேர ஏற்றம். சிறுநீர் கட்டுப்படாமலும் போகலாம். தையலுக்கு நூல் கேட்டேன். மயக்க டாக்டர் என்னைப் பார்த்தார். "பயமா இருக்கு டாக்டர்" என்றேன்.

எங்கள் ஊர் ஆபரேஷன்களில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். எடுத்ததை எஃகுத் தட்டில் வைத்து வெளியே கொண்டுபோய் வீட்டாரிடம் காட்டவேண்டும். அதைப் பார்த்தால்தான் அவர்களுக்கு மனசு ஆறும். வெள்ளையம்மாவின் வீட்டுக்காரர் குப்பன், அவருடைய தம்பிகள் இரண்டு பேர், எல்லோரும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் வெறுங்கையோடு போனேன்.

"தட்டு எங்கங்க?" என்றார் குப்பன்.

"ஒண்ணும் எடுக்கலீங்க. நான் தப்பா நெனச்சிட்டேன். கட்டி நான் நெனச்ச எடத்துல இல்ல. காலுக்குப் போற நரம்புகிட்ட கீது. நான் இழுத்தா காலு போயிடும். கீழ பெரிய ஆஸ்பத்திரியில ஸ்கேன் பண்ணி, அவங்கதான் எடுக்கணும்."

தம்பிகளில் ஒருவர் சத்தம் போட்டார். "எடுக்கலன்னா அப்ப இன்னாத்துக்கு அறுத்தீங்க?" குப்பன் சத்தம் போடவில்லை. "தப்பா நெனச்சிட்டேன்னு டாக்டரே சொல்லுவாங்களா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. பிறகு அவள் பழைய சீட்டெல்லாம் வைத்திருந்த மஞ்சள் பையை என்னிடம் நீட்டினார். ஏதாவது உதவும் என்று கொண்டுவந்திருக்கிறார்.

பையில் இரண்டு கட்டு இருந்தது. வயிற்றுக்குப் போட்டவை ஒரு நூலில், காலுக்குப் போட்டவை ஒரு நூலில். கால் சீட்டுகள் மூன்று, மூன்றும் என் கையெழுத்து. 'கால் வலி. சுமை தூக்குபவர். மாத்திரை ஐந்து நாள்.' இரண்டாவதிலும் அதே. மூன்றாவதில் சுமையைப் பற்றிக்கூட இல்லை, மாத்திரை மட்டும்தான். அவளை ஒரு தடவையும் படுக்கவைத்துப் பார்க்கவில்லை. மூன்று சீட்டையும் ஒரு வயிற்றுச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் இரண்டாம் வருஷப் பையன்கூடச் சந்தேகப்பட்டிருப்பான். ஆனால் அவை பக்கத்தில் வராமல் இருக்க நானே சட்டம் போட்டிருந்தேன். அன்றைக்குக் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து அழுதேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது.

வயிற்றைக் கிழித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் தைக்கிற டாக்டர் என்று மலை முழுக்கப் பேச்சானது. பேச்சில் பொய் இல்லை, மறுக்க முடியவில்லை. வியாழக்கிழமைகளில் மயக்க டாக்டர் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவார். நிறைமாதப் பெண்கள் பஸ் பிடித்துக் கீழே போனார்கள். வெள்ளையம்மாவின் தையல் ஆறியது, ஆனால் பெரிய ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சந்தையில் அவள் மூலை காலியாகக் கிடந்தது. புளியை நான் வேறு யாரிடமும் வாங்கவில்லை. போர்டுக்கு நானே ஏணி போட்டு வெள்ளையடித்தேன். இரண்டு மழைக்காலம் வரைக்கும் அடியிலிருந்து நீலம் தெரிந்துகொண்டேதான் இருந்தது.

சாமை அறுப்பு முடிந்த பிறகு ஒரு நாள் அவளாகவே வந்தாள். இப்போது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தாள். நான் திருப்பிக் கொடுத்திருந்த இரண்டு கட்டுச் சீட்டையும் அவிழ்த்து, ஒரே நூலில் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். "ரெண்டையும் சேத்து எழுதிக் குடுங்க. போறேன். ஆனா தனியா போவ மாட்டேன். அவுருக்கு ஆடு கீது, களம் கீது" என்றாள். அது அவள் கேட்கும் விதம். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு நானும் பஸ் ஏறினேன். வளைவுகளில் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள், ஒருபக்கமாகச் சாய்ந்தபடி.

கீழே ஆஸ்பத்திரியில், கூட இருப்பவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதி, உறவு என்ற இடத்தில் 'டாக்டர்' என்று எழுதினேன். "உறவு கேட்டா வேலைய எழுதியிருக்கீங்களே" என்று ஜன்னலில் இருந்த பெண் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். என்ன எழுதுவதென்று தெரியாமல் பேனாவோடு நின்றேன். "எங்க ஊர்க்காரங்கன்னு போடுங்க" என்றாள் வெள்ளையம்மா. எழுதிக்கொண்டார்கள்.

பெரிய ஸ்கேனில் எல்லாம் தெரிந்தது. நரம்புறைக் கட்டி. நரம்பைச் சுற்றியிருக்கிற உறையிலிருந்து கிளம்பி வருஷக்கணக்காக மெதுவாக வளர்வது, புற்றுநோய் இல்லை. நாளானால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும், அப்போது சினைப்பைக் கட்டியைப் போலவே காட்சி கொடுக்கும். அங்கிருந்த சர்ஜன் உறையை மட்டும் கீறி, நரம்பை அதன் பாட்டுக்கு விட்டுவிட்டு உள்ளே இருந்ததைத் தோண்டி எடுத்தார். முழுசாகப் பிடித்து இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் எனக்கு விளக்கவேண்டியிருக்கவில்லை. ஆபரேஷன் அன்று குப்பனும் வந்துவிட்டார். தட்டை வெளியே கொண்டுவந்தார்கள். அவர் குனிந்து பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பி, "இதுங்களா?" என்றார். "இதேதான்" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அவளுக்கு வலது பாதத்தின் சுண்டுவிரல் ஓரம் இன்றைக்கும் மரத்துத்தான் இருக்கிறது. மற்றபடி ஏற்றம் ஏறுகிறாள்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். நல்ல மெஷின்கள் உங்களிடம் இருக்கும், என்னைவிட நன்றாக ஸ்கேன் பார்ப்பீர்கள். இருந்தாலும் வந்தவர் சொல்லி முடித்ததும் "வேற?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு பேனாவைக் கீழே வைத்துக் கொஞ்சம் சும்மா இருங்கள். வரிசை நீளமாகத்தான் ஆகும், திட்டுவார்கள், ஆகட்டும். தெரியாத இடத்தில் கை நின்றுவிட்டால் நிற்கட்டும். வெறுங்கையோடு கதவைத் திறந்து வெளியே வருவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அப்படி வந்த அன்றைக்கு உங்களைப் பாராட்ட ஒருவரும் இருக்கமாட்டார்கள், அதையும் தெரிந்துகொண்டே போங்கள்.

அடுத்த வருஷம் ஒரு சந்தை நாளில், ஓ.பி. முடிந்து நான் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பிய நேரம், கதவு தட்டப்பட்டது. வெள்ளையம்மா. பழக்க தோஷத்தில், "சீட்டு போட்டியா?" என்று கேட்டேன்.

"சீட்டும் இல்ல, ஒண்ணியும் இல்ல. சும்மா உங்க வூட்டப் பாக்கலாம்னு வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் தரையில் படிந்திருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். உட்கார்ந்தபடியே அடுப்படியில் எட்டிப் பார்த்தவள், அலமாரியில் டப்பா டப்பாவாக அடுக்கியிருந்த புளியைப் பார்த்தாள். ரேடியோவைப் பார்த்தாள். ஒற்றைத் தட்டைப் பார்த்தாள்.

நான் நாற்காலியில் உட்காரும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டேன் போலிருக்கிறது. "இன்னா நோவுது உங்களுக்கு?" என்றாள்.

"முட்டிதான். வயசாச்சில்ல."

"அது ஒண்ணு. வேற?"

சிரித்து மழுப்பப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவசரமே இல்லாமல். "ஆறு மணிக்கு மேல பேச ஆளில்ல வெள்ளையம்மா" என்றேன்.

"எத்தினி வருசமா?"

"ஏழு வருஷமா."

"ஏழு வருசமா! ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கல" என்றேன்.

நான்கு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டிக் கீழே இறங்கிப் போனது. அவள் எழுந்திருக்கவில்லை.